ஆறுதலாகப் பார்க்க ஒரு கடனீரேரி

யாழ்ப்பாணக் கடனீரேரி பரப்பில் பெரியது, ஆழத்தில் ஒன்றுமில்லை. ஏறத்தாழ 450 சதுர கிலோமீற்றர் விரிந்து கிடக்கும் அந்தத் தண்ணீரில் பல இடங்களில் இறங்கி நின்றால் இடுப்புக்கு மேல் நனையாது. கரையோரத்தில் முழங்கால், இன்னும் கொஞ்சம் கரைக்கு வந்தால் கணுக்கால். பெரிய வள்ளக்காரருக்கு இது தொல்லை, பறவைக்கு இதுதான் சாப்பாட்டு மேசை. பூநாரை பார்க்கவென்று வந்து "ஒன்றையும் காணவில்லையே" என்று திரும்பிப் போகிறவர்களில் பலர் இடத்தைச் சரியாகத்தான் பிடித்திருப்பார்கள். தண்ணீர்மட்டத்தைத்தான் கணக்கில் எடுத்திருக்க மாட்டார்கள். நாலு விரல் தண்ணீர் கூடினாலோ குறைந்தாலோ கூட்டம் முழுவதும் அடுத்த வெளிக்கு மாறிவிடும்.

கால் நீளந்தான் இங்கே கணக்கு. ஈரச் சேற்றின் விளிம்பில் ஓடி ஓடி நிற்பவை உப்புக்கொத்திகள். அவற்றுக்கு அப்பால், இரண்டு மூன்று சதமமீற்றர் தண்ணீரில் சிறிய உள்ளான்கள். ஒரு சாண் ஆழத்தில் பவளக்கால் உள்ளானும் கருவால் மூக்கனும். அதற்கும் வெளியே கரண்டிவாயன், சங்குவளை நாரை, பிறகு பூநாரை. பூநாரைக்கு முழங்காலளவு ஆழம் ஒரு பொருட்டல்ல. தேவைப்பட்டால் வாத்தைப்போல் நீந்தவும் செய்யும். எல்லாவற்றுக்கும் அப்பால் ஊசிவால் வாத்தும் நாமத்தலை வாத்தும் கூட்டமாக மிதக்கும். தூரத்தில் நின்று எந்தப் பறவை எங்கே நிற்கிறது என்று பார்த்தாலே அந்த இடத்தின் ஆழம் தெரிந்துவிடும்.

தண்ணீர்மட்டத்தைத் தீர்மானிப்பவை மூன்று: மழை, கடலின் வற்றுப்பெருக்கு, காற்று. குடாநாட்டுக்கு வற்றாத ஆறு கிடையாது. மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்ந்துவிடும். மேற்குப் பக்கம் கடனீரேரி பாக்குநீரிணைக்குத் திறந்திருப்பதால் மண்டைதீவு, அல்லைப்பிட்டி, வேலணை, அராலிப் பகுதிகளில் கடலின் வற்றும் பெருக்கும் தெரியும். நம் பக்கத்துக் கடலில் அந்த ஏற்றத்தாழ்வு சிறியது, பெரிய நாளிலும் ஒன்றரை முழத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் தரை அவ்வளவு தட்டை என்பதால், ஒரு சாண் தண்ணீர் இறங்கினாலே பல நூறு மீற்றர் சேறு வெளியே வரும். ஆனையிறவுத் தாம்போதிக்குக் கிழக்கே உள்ள பகுதியிலும், தடுப்பணை போட்ட வடமராட்சி, உப்பாற்று ஏரிகளிலும் நிலைமை வேறு. அங்கே கடலுக்குச் சொல்லும்படியான பங்கு இல்லை. மழை நிரப்பும், வெயில் உறிஞ்சும், அவ்வளவுதான். ஆகவே தீவுப் பக்கம் போகிறவர் வற்று நேரத்தைப் பார்க்க வேண்டும். அந்த ஏரிப் பக்கத்து வல்லைக்கோ சரசாலைக்கோ போகிறவர் அந்த ஆண்டு மழை எப்படி என்று விசாரிக்க வேண்டும்.

வற்று நேரத்தைக் கைத்தொலைபேசிச் செயலியில் பார்க்கலாம், ஆனால் அவை தரும் நேரம் திறந்த கடலுக்கானது. கடனீரேரிக்குள் தண்ணீர் நெளிந்து வந்து போக நேரம் எடுக்கும், காற்றும் அதைப் பிந்த வைக்கும். யாழ். நகரத்துப் பண்ணைக் கரையில் வலை காய வைப்பவரிடம் "இன்றைக்கு வற்று எத்தனை மணிக்கு ஐயா?" என்று கேட்பது எந்தச் செயலியையும்விடச் சரி. ஒரு நாள் நேரம் தெரிந்தால் அடுத்த நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் கூட்டிக்கொள்ளலாம். பெரிய வற்று வருவது பறுவத்தையும் அமாவாசையையும் ஒட்டி. இரண்டில் அமாவாசையையே தெரிவு செய்யுங்கள். பறுவம் போயா விடுமுறை என்பதால் நயினாதீவுக்குப் போகும் பஸ்களால் தீவக வீதி நிரம்பி வழியும்; தாம்போதி ஓரத்தில் ஆறுதலாக நிற்க விடமாட்டார்கள்.

எந்த மாதம் என்று கேட்டால், தை நடுப்பகுதியில் இருந்து மாசி முடியும் வரை. நொவம்பரில் வலசைப் பறவைகள் வந்திருக்கும், ஆனால் வெள்ளமும் வந்திருக்கும். எல்லா வெளியிலும் தண்ணீர் நிற்பதால் பறவைகள் சிதறிக் கிடக்கும். மழை விட்டு வெளிகள் ஒவ்வொன்றாக வற்ற வற்ற, மீதித் தண்ணீரில் கூட்டம் சேரும். மீனும் இறாலும் புழுவும் அந்தச் சிறு பரப்பில் ஒடுங்குவதால் கொக்குக்கும் கொண்டாட்டம், பார்க்க வருபவருக்கும் கொண்டாட்டம். பங்குனிக்குப் பிறகு வெயில் தாங்காது. ஆனாலும் அந்த நேரத்தில் சில உள்ளான்கள் வடக்கே திரும்பும் முன் சாம்பல் இறகை மாற்றிக் கறள் நிறத்துக்கு வருவதைப் பார்க்கலாம். பறவை பார்ப்பதில் பழகியவர்களுக்கு அது தனி விருந்து.

தீவக வட்டம்

மூன்று இரவு தங்க முடிந்தால் ஒரு நாளை இந்த வட்டத்துக்கே ஒதுக்குங்கள். யாழ். கோட்டையடியில் இருந்து பண்ணைத் தாம்போதி, மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை, ஊர்காவற்றுறை. அங்கே 'பாதை' என்னும் மிதவைப் படகில் ஏறிக் காரைநகர். பிறகு பொன்னாலைத் தாம்போதி, வட்டுக்கோட்டை, அராலி, கல்லுண்டாய் வெளி, திரும்ப நகரம். பாதையில் மோட்டார் சைக்கிளும் சைக்கிளும் ஏற்றலாம். கார்க்காரர் ஊர்காவற்றுறையில் இருந்து வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். என் விருப்பம் சைக்கிள்: மேடு பள்ளம் இல்லை, நினைத்த இடத்தில் காலை ஊன்றி நிற்கலாம். ஒரே எதிரி காற்று. வாடைக்காலத்தில் காற்று வடகிழக்கில் இருந்து அடிக்கும். போகும்போது முதுகில் தள்ளும், காரைநகரில் இருந்து பொன்னாலைக்குத் திரும்பும்போது முகத்தில் அறையும். கடைசிப் பத்துக் கிலோமீற்றருக்குக் கொஞ்சம் பலத்தை மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

விடியக் கிளம்பினால் பண்ணைத் தாம்போதியில் வலது பக்கம் பாருங்கள். வீதி தென்மேற்காகப் போகிறது, வெயில் உங்களுக்குப் பின்னால் விழும். பறவையின் நிறம் அப்படியே தெரியும். பின்னேரம் அதே வீதியில் நகரத்தில் இருந்து போகிறவருக்கு இடது பக்கம். இதை மாற்றிச் செய்தால் பளபளக்கும் தண்ணீரில் கறுப்புப் பொட்டுகளைத்தான் காண்பீர்கள், பூநாரையும் கொக்கும் ஒன்றுபோலவே இருக்கும். தாம்போதியின் இருபுறமும் ஆழம் குறைந்த நீரில் கம்புகள் நட்டு, வலை கட்டி, அம்புத்தலை வடிவில் ஒடுங்கும் களங்கட்டிகளைப் பார்க்கலாம். இறாலும் மீனும் வற்றோடு வெளியே போக முயன்று வலையோரமாகவே நீந்திப் பட்டிக்குள் சேர்ந்துவிடும். ஒவ்வொரு கம்பின் உச்சியிலும் ஒரு நீர்க்காகமோ ஆலாவோ இருக்கும். ஆலாவைக் கிட்டப் பார்க்க இதைவிட வசதியான இடம் கிடையாது.

மண்டைதீவுச் சந்திக்கு அப்பால் வீதி தரவைகளை ஊடறுத்துப் போகிறது. மழைக்காலத்தில் தண்ணீர், பிறகு குறும்புல், வெயிலில் உவர் பூத்த வெட்டை. கடனீரேரியில் பெருக்கு உயரும்போது உள்ளான்கள் வந்து ஒதுங்குவது இங்கேதான். ஒற்றைக் காலில், அலகை முதுகு இறகுக்குள் செருகி, எல்லாமே காற்றுக்கு முகம் கொடுத்து நிற்கும். இந்த நேரம் அவற்றைக் கிளப்பினால் அடுத்த வற்றுவரை வைத்திருக்க வேண்டிய சக்தியைப் பறந்தே செலவழித்துவிடும்.

தென்னிலங்கையில் இருந்து வருகிறவர்கள் பூநாரையிலேயே கண்ணை வைத்திருந்து விட்டுவிடும் பறவைகள் சில உண்டு. கரும்பருந்து, கௌதாரி, கள்ளிப்புறா, நீண்டவால் கீச்சான் ஆகியவை மன்னார், யாழ்ப்பாணம் போன்ற வறண்ட வடக்குக் கரையில்தான் இலகுவாகக் காணக் கிடைப்பவை. தெற்கே தேடித் திரிய வேண்டியதை இங்கே வீதியோரத்திலேயே பார்க்கலாம். கல்லுண்டாய் வெளியில் குப்பை கொட்டும் இடத்துக்கு மேல் பருந்துகள் வட்டமிடும். மூக்கைப் பொத்திக்கொண்டு பார்க்க வேண்டியிருப்பது வேறு கதை.

பூநாரையைப் பார்ப்பது எப்படி

பூநாரை இலங்கையில் குஞ்சு பொரிப்பதில்லை. இங்கே வருவது மேயத்தான். அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து, நாக்கால் தண்ணீரை உள்ளிழுத்து, அலகின் ஓரத்துச் சீப்புப் பற்களால் வடித்து வெளியே விடும். சேற்றைக் கலக்க ஒரே இடத்தில் நின்று காலால் மிதித்து மிதித்துச் சுற்றும். கூட்டம் போன பிறகு வற்றில் அந்த இடத்தைப் பாருங்கள். சேற்றில் வட்ட வட்டமாகப் பள்ளம், நடுவில் ஒரு சிறு மேடு. பறவையே இல்லாவிட்டாலும் இந்த வட்டங்கள் புதிதாக, விளிம்பு கலையாமல் இருந்தால் அடுத்த வற்றுக்கு அங்கேயே வந்து காத்திருக்கலாம்.

நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. பூநாரையின் இளஞ்சிவப்பு சாப்பாட்டில் இருந்து வருவது. நுண்பாசியிலும் அதைத் தின்னும் சிற்றுயிர்களிலும் உள்ள நிறமி இறகில் சேர்கிறது. இளம் பறவைகள் சாம்பலும் மண்ணிறமுமாக இருக்கும், வயதுக்கு வர இரண்டு மூன்று ஆண்டாவது செல்லும். வளர்ந்தவையும் நிற்கும்போது வெள்ளையாகவே தோன்றும். செட்டையை விரித்தால்தான் உள்ளே ஒளித்து வைத்த சிவப்பும் கறுப்பும் தெரியும். அதற்காகக் கல்லெறிகிறவர்களும், ஹோர்ன் அடிக்கிறவர்களும் இருக்கிறார்கள் என்பதுதான் கொடுமை. பூநாரை மேலெழ வேண்டுமானால் தண்ணீரில் பல அடி ஓடித்தான் எழும்ப வேண்டும். ஒரு நாளைக்கு நாலு தரம் கிளப்பினால் அந்தக் கூட்டம் அந்த வெளியையே கைவிட்டுவிடும்.

உங்கள் தூரம் போதுமா என்பதைப் பறவையே சொல்லும். மேய்ந்துகொண்டிருந்தால் நீங்கள் சரியான இடத்தில் நிற்கிறீர்கள். தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து கழுத்துகள் கம்புபோல் நின்றால் அதற்கு மேல் ஓர் அடியும் வைக்க வேண்டாம். கூட்டம் முழுக்க ஒரே திசையில் நடக்கத் தொடங்கினால் நீங்கள் ஏற்கெனவே கிட்டப் போய்விட்டீர்கள். மெதுவாகப் பின்வாங்க வேண்டும். திறந்த வெளியில் 200 மீற்றர் நல்ல இடைவெளி. வாகனத்தை வீதியோரம் நிறுத்தி, இறங்காமல் உள்ளிருந்து பார்த்தால் இன்னும் கிட்டவே இருக்கலாம். மனித உருவத்துக்குப் பயப்படும் அளவுக்கு அவை வாகனத்துக்குப் பயப்படுவதில்லை. ட்ரோன் வேண்டவே வேண்டாம். சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி ஒருபுறம் இருக்க, மேலிருந்து வரும் எதுவும் பறவைக்குக் கழுகுதான்.

8×42 பைனொக்குலர் போதும். 10 மடங்கு எடுத்தால் வாடைக்காற்றில் கை நடுங்கும். காலை ஒன்பதுக்குப் பிறகு வெட்டையில் கானல் எழும்பித் தூரத்துப் பறவை நெளியத் தொடங்கும், அப்போது எவ்வளவு விலையான கண்ணாடியும் உதவாது. ஆகவே ஆறு தொடக்கம் ஒன்பது, பிறகு பின்னேரம் நாலரை தொடக்கம் இருட்டும் வரை. இடைப்பட்ட நேரம் சாப்பிட்டுப் படுப்பதற்கு, விடுமுறைதானே. காற்றில் உப்பு இருப்பதால் கமரா வில்லையை உலர்ந்த துணியால் தேய்க்க வேண்டாம், உப்புத் துகள் கீறிவிடும். முதலில் ஊதி, பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.

உள்வெளிகள்

தீவகத்தில் வற்று நேரம் சரியாக அமையாத நாளில் வடமராட்சி, தென்மராட்சிப் பக்கம் திரும்பலாம். பருத்தித்துறை வீதியில் வல்லை வெளி, அதன் வடக்கு முனையில் செல்வச்சந்நிதிக்குப் பக்கத்தில் தொண்டைமானாற்றுத் தடுப்பணை, புத்தூரில் இருந்து மீசாலைக்குப் போகும் வீதியில் வாதரவத்தை, சரசாலை. சரசாலையில் குருவிக்காடு என்று ஊரார் சொல்லும், கண்டல் வகையான கண்ணா மரக்காடு இருக்கிறது. பின்னேரம் கொக்குகளும் நீர்க்காகங்களும் அடைய வருவதை வீதியில் இருந்தே பார்க்கலாம். கண்ணா இலை ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். காலையில் அதன் மேல் உப்புத் துகள் மினுங்கும், நாக்கில் வைத்தால் கரிக்கும். வேர் உறிஞ்சிய உப்பை மரம் இலை வழியாகத்தான் வெளியே தள்ளுகிறது. மரத்தைச் சுற்றிச் சேற்றில் பென்சில் நட்டதுபோல் நிற்பவை மூச்சுவேர்கள். மிதித்தால் மரத்துக்கும் கேடு, வெறுங்காலுக்கும் கேடு.

இந்த ஏரிகளுக்குத் தடுப்பணை போட்டதன் நோக்கம் பறவை அல்ல, கிணறு. கடல்நீரை வெளியே நிறுத்தி மழைநீரைச் சேமித்தால் சுற்றுவட்டாரக் கிணறுகளின் உவர் குறையும் என்பது கணக்கு. 1950களில் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டம் இதையே ஆனையிறவு வரை விரித்துப் பார்த்தது. திட்டம் முழுமையாகவில்லை. ஆனால் கதவுகள் இறுக்கமாக மூடியிருக்கும் ஆண்டுகளில் தண்ணீர் மாசிவரை நிற்கும், வாத்துகளும் நிற்கும். கதவு ஒழுகினால் வெளி சீக்கிரம் வற்றிவிடும்.

சுண்டிக்குளம் தனி நாள் கேட்கும். 1938இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2015இல் தேசிய பூங்காவான இடம். இரணைமடுக் குளம் வான்பாய்ந்தால் கனகராயன் ஆறு கொண்டுவரும் நன்னீர் இந்தப் பக்கம்தான் சேரும். முதலை உண்டு என்பதால் இங்கே காலை நனைக்கும் எண்ணத்தைக் கைவிடுங்கள். பளைக்கு அருகே புதுக்காட்டுச் சந்தியில் இருந்து மருதங்கேணி, கட்டைக்காடு வழியாகப் போகலாம். கடைசிப் பகுதி மணல். ஓட்டோ புதையும், மழை பெய்த வாரத்தில் வான் கூடப் புதையும். போர் நடந்த பிரதேசம் என்பதால் பளை, முகமாலைப் பக்கங்களில் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை கண்டால் அதற்கப்பால் காலடி வைக்கக் கூடாது. ஒற்றையடிப் பாதையையும் மாட்டுத் தடத்தையும் நம்பி இறங்க வேண்டாம், வீதியே போதும்.

நெடுந்தீவைப் பலர் இதோடு சேர்த்து ஒரே நாளில் முடிக்கப் பார்க்கிறார்கள். குறிகட்டுவான் இறங்குதுறை நகரத்தில் இருந்து ஏறத்தாழ 30 கிலோமீற்றர். அங்கிருந்து படகு ஒரு மணித்தியாலம் அளவில். மட்டக்குதிரைகளும் கல்வேலிகளும் பாவோபாப் என்னும் பெருக்குமரமும் பார்க்க வேண்டியவைதான், ஆனால் அது வேறு பயணம். திரும்பும் படகு நேரத்தை இறங்கும்போதே கேட்டு வைக்காதவர் அங்கேயே இரவு தங்க நேரும்.

வள்ளமும் சேறும்

கடற்றொழிலாளர் ஒருவரோடு பேசிச் சிறிய வள்ளத்தில் போவது நல்ல யோசனை. சில விடயங்களை முதலே பேசிக்கொள்ளுங்கள்: உயிர்காப்பு அங்கி ஆளுக்கொன்று, கூட்டத்துக்குக் கிட்டப் போகாமல் தூரத்திலேயே இயந்திரத்தை நிறுத்துவது, திரும்பும் நேரம். வற்றத் தொடங்கிய பிறகு கிளம்பினால் தரை தட்டும். சாதாளை என்னும் கடற்தாவரம் அடர்ந்த இடத்தில் இயந்திரத்தின் விசிறியில் அது சுற்றிக்கொள்ளும், இயந்திரத்தை நிறுத்திக் கையால் கழற்ற வேண்டும். அனுபவமுள்ளவர் அத்தகைய இடத்தில் இயந்திரத்தைத் தூக்கிவிட்டு நீண்ட கம்பை ஊன்றித் தள்ளியே போவார். அப்படிப் போகும் வேகந்தான் பார்ப்பதற்கும் ஏற்றது. வலையடைத்த கடலட்டைப் பண்ணைகள் இப்போது பல இடங்களில் உண்டு. காவல் குடிலோடு நிற்கும் அவற்றுக்குள் வள்ளத்தையும் விடக் கூடாது, இறங்கவும் கூடாது.

சேற்றில் இறங்கத்தான் வேண்டும் என்றால் செருப்பு உதவாது, முதல் அடியிலேயே உறிஞ்சிக்கொள்ளும். கயிறு கட்டும் பழைய சப்பாத்து போடுங்கள். பாதத்தைத் தூக்கி வைக்காமல் தரையோடு உரசி நகர்த்துங்கள். மணலுக்குள் புதைந்து கிடக்கும் திருக்கை அந்த அதிர்வில் விலகிவிடும், மிதித்தால்தான் வாலைச் சுழற்றும். குத்தினால் பொறுக்கக்கூடிய அளவு சூடான நீரில், அதாவது 45 பாகைக்கு மேற்படாமல், வலி குறையும்வரை காலை அமிழ்த்தி வைத்து உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். முள் உள்ளே முறிந்திருந்தால் வீட்டில் தோண்ட வேண்டாம். முழங்கால்வரை புதைந்துவிட்டால் பலமாக இழுக்க இழுக்க இன்னும் இறங்கும். பின்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து பாரத்தைப் பரப்பினால் கால் தானாகக் கிளம்பும்.

சாப்பாட்டுக்கு வருவோம். கடனீரேரியின் நீலக்கால் நண்டு வாங்கும்போது அடிப்பக்கத்து ஓட்டைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். நெகிழ்ந்தால் அண்மையில் ஓடு மாற்றிய நண்டு, உள்ளே தண்ணீர்தான் இருக்கும். வயிற்று மடலுக்கு வெளியே செம்மஞ்சளாகவோ கறுப்பாகவோ முட்டை ஒட்டிக்கொண்டிருந்தால் வாங்காதீர்கள். வாங்க ஆள் இருக்கும்வரை பிடிப்பார்கள். தங்குமிடத்தில் அடுப்பு இருந்தால் ஒடியற்கூழ் காய்ச்சலாம். நாலு பேருக்கு ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு) மா 150 கிராம்; அதை முதலில் நிறையத் தண்ணீரில் இரண்டு மூன்று மணித்தியாலம் ஊற விட்டு, மேல் தண்ணீரை வடித்து ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் கூழ் கைக்கும். மூன்றரை லீற்றர் தண்ணீரில் ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளி, பயிற்றங்காய் அவிந்த பின் மீன்தலையும் அரைக்கிலோ சிறுமீனும், நாலு நண்டு, கால் கிலோ இறால். பிறகு பதினைந்து செத்தல் மிளகாயும் மஞ்சளும் அரைத்த கூட்டு, எலுமிச்சையளவு புளி. மாவைக் கடைசியில்தான் கரைத்து விட வேண்டும். முந்தினால் அடிப்பிடிக்கும், கிண்டாவிட்டால் கட்டிபடும். இறக்கும்போது ஒரு பிடி முருங்கையிலை. பனையோலைப் பிளாவில் ஊற்றிக் குடித்தால்தான் கூழ். கோப்பையில் குடித்தால் அது சூப்.

ஆடி, ஆவணியில் நல்லூர்த் திருவிழாவோடு மட்டுமே லீவு கிடைக்கும் புலம்பெயர்ந்த உறவுகள் நிறையப் பேர். அந்த மாதங்களில் பூநாரைக் கூட்டத்தை எதிர்பார்த்து வராதீர்கள். வெளிகள் வெடித்து உப்புப் பூத்துக் கிடக்கும், சோளகக் காற்று புழுதியை வாரி இறைக்கும். ஆனால் கோடையில் இங்கேயே தங்கி முட்டையிடும் பறவைகள் உண்டு: பவளக்கால் உள்ளான், சின்ன ஆலா, உப்புக்கொத்தி. பெரும்பாலும் கூடென்று ஒன்றும் கட்டாது. வெறுந்தரையில் ஒரு சிறு குழி, மண் நிறத்தில் இரண்டு முதல் நாலு முட்டை. ஒரு அடி தள்ளி நின்றாலும் கண்ணுக்குப் படாது. வெட்டையில் நடக்கும்போது ஒரு பறவை தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றினாலோ, செட்டை முறிந்ததுபோல் தரையில் இழுபட்டு உங்களைத் தள்ளிக்கொண்டு போகப் பார்த்தாலோ, அதன் பின்னால் போகாமல் வந்த அடித்தடத்திலேயே திரும்பி வீதிக்கு ஏறுங்கள். மத்தியான வெயிலில் தாய்ப்பறவை சிறிது நேரம் விலகி நின்றாலே முட்டை அவிந்துவிடலாம்.